மூன்றாம் தூணுக்குப் பக்கத்தில் நிற்பவர்

இடது செருப்பின் நுனியால் நடைமேடையை இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டு நிற்கிறார். தேய்த்த இடத்தில் ஒரு பெயிண்ட் கறை. ஒரு காலத்தில் பச்சையாக இருந்தது. இவர் செருப்புப் பட்டுப் பட்டு, இன்ன நிறம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிட்டது. கறைக்கு ஒரு பக்கம் மூன்றாம் தூண். இன்னொரு பக்கம், காசு போட்டாலும் எடை சொல்லாத எடை மெஷின். காலை வண்டி வந்து நின்றால் பின்னாலிருந்து நான்காவது பெட்டியின் கதவு இந்தக் கறைக்கு நேராக இருக்கும். "டிரைவருக்கே தெரியாது, நான் எங்க நிக்கிறேனோ அங்கதான் அவர் வண்டிய நிறுத்துறாருன்னு" என்பார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்துவிடுவார். மற்றவர்கள் சிரிக்கட்டும் என்று காத்திருந்து ஏமாந்த அனுபவம் அவருக்கு நிறைய உண்டு.

இந்தப் புறநகர் ஸ்டேஷனில் அவருக்கு 'மூணாந்தூண்' என்று பெயர். யார் வைத்தது என்று தெரியவில்லை. தானே வைத்துக்கொண்டு தானே பரப்பியும் விட்டாரோ என்ற சந்தேகம் அவர் மனைவிக்கு உண்டு.

அந்தக் கதவின் மேல் அப்படி என்ன பிரியம் என்று கேட்டால், காரணம் ஏறுவதில் இல்லை, இறங்குவதில் இருக்கிறது. நகரத்தில் இவர் இறங்கும் ஸ்டேஷனில் அதே கதவு மேம்பாலப் படிக்கட்டின் முதல் படிக்கு எதிரே போய் நிற்கும். கூட்டம் சுதாரிப்பதற்குள் இவர் பாதிப் படி ஏறியிருப்பார். பாலத்தைக் கடந்து, சந்தில் திரும்பி, வேர்க்க விறுவிறுக்கத் தான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தால், கடை பூட்டியிருக்கும். முதலாளி சாவியோடு வரும்வரை வாசல்படியில் உட்கார்ந்து சட்டைக் காலரை ஆட்டிக் காற்று வாங்குவார். இருபது வருஷத்துக்கு மேலாக இதே கதை.

"அங்க போய் உக்கார்றதுக்கா இந்த ஓட்டம் ஓடுறீங்க?" என்று மனைவி ஒருமுறை கேட்டார்.

இவர் கொஞ்சம் யோசித்தார். "மத்தவங்களுக்கு முன்னாடி உக்கார்றேன்ல."

மனைவி மழலையர் பள்ளியில் பாடம் சொல்லித் தருபவர். ஊரில் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். வீட்டில் இவரும் டீச்சர் என்றே கூப்பிடுவார். மூன்று வயதுப் பிள்ளைகளோடு பேசிப் பழகியவர் ஆகையால் டீச்சருக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. பசித்தால் பசி என்பார், வலித்தால் வலி என்பார். இவருக்கு நேர் எதிர். வயிற்றுவலி என்று சொல்ல வேண்டுமானால்கூட முதலில் ரயில்வேயில் ஆரம்பிப்பார்.

கடையின் பின்கட்டில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இவருக்கு வேலை. வட்டமாக வரும் லென்ஸைச் சாணை மெஷினில் பிடித்து, ஃபிரேமின் வடிவத்துக்கு ஓரம் தேய்த்து, உள்ளே பொருத்தித் தர வேண்டும். விரல் இடுக்குகளில் வெள்ளைத் தூள் எந்நேரமும் இருக்கும். வாங்குகிறவர் முகத்தை இவர் பார்ப்பதில்லை; அவர் பவரைத்தான் பார்க்கிறார். அந்தப் பழக்கம் ரயிலிலும் தொற்றிக்கொண்டுவிட்டது. காலை வண்டியில் கூட வருகிறவர்களின் பெயர் ஒன்றும் தெரியாது. ஜன்னல் ஓரம் மைனஸ் நாலு, எதிரே ப்ளஸ் ரெண்டு, வாசலில் தொங்கிக்கொண்டு வரும் பையன் பவர் இருந்தும் போடாதவன். "முகம் மறந்துடும் சார், பவர் மறக்காது" என்பார். இவருடைய பவர் மைனஸ் ஒன்பது. கழற்றிவிட்டால் மூன்றாம் தூணும் ஒன்றுதான், முதல் தூணும் ஒன்றுதான். ஊருக்கெல்லாம் கண்ணாடி பொருத்துகிறவரின் சொந்தக் கண்ணாடியில் ஒரு காதுப்பக்கம் ஸ்க்ரூ விழுந்து, மெல்லிய கம்பியை முறுக்கி வைத்திருக்கிறார். ஸ்க்ரூ போட இரண்டு நிமிஷ வேலை. அந்த இரண்டு நிமிஷம்தான் கிடைக்கவில்லை.

ஸ்டேஷனைப் பற்றி அவரிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டவரிடம், "அதுக்கு முன்னாடி இந்த ஸ்டேஷன் எதுக்கு வந்துச்சுன்னு தெரியணும்" என்று தொடங்குவார். இவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வண்டி வந்து, நின்று, போயே போயிருக்கும்.

அவர் சொல்லும் வரலாறு இது. ஸ்டேஷன் மனிதர்களுக்காகக் கட்டப்படவில்லை, கல்லுக்காகக் கட்டப்பட்டது. இங்கே ஒரு கல் குவாரி இருந்தது. நகரத்தில் கட்டடங்கள் எழும்ப எழும்ப இங்கிருந்து கல் போய்க்கொண்டே இருந்தது. குவாரிப் பள்ளத்தைச் சுற்றித் தண்டவாளம் போட்டதால்தான் நடைமேடை இன்றைக்கும் வளைந்து கிடக்கிறது. அதனால்தான் நடுவில் நிற்கும் பெட்டிக்கும் மேடைக்கும் இடையே ஒரு ஆள் கால் போகிற இடைவெளி. குழந்தை வைத்திருப்பவர்கள் அங்கே ஏறக் கூடாது. முதல் நடைமேடை தணிந்திருப்பதற்கும் அதே காரணம். "கல்லு என்ன, காலைத் தூக்கி வச்சா ஏறப்போகுது?" என்பார். பிறகு ஆட்கள் குடிவந்தார்கள். மேடையைப் பாதி தூரம் உயர்த்தினார்கள். மீதிப் பாதியை உயர்த்துவதற்குள் அதிகாரி மாறிவிட்டார். நடுவே ஒரு சரிவு விழுந்தது. மழை பெய்தால் குளம் கட்டுவது அங்கேதான்.

டிக்கெட் கொடுக்கும் அறை குவாரி இருந்த பக்கம். ஊர் வளர்ந்ததோ மறுபக்கம். ஆகவே டிக்கெட் வாங்கப் பாலம் ஏறி இறங்கி, ரயில் பிடிக்க மறுபடி ஏறி இறங்க வேண்டும். அந்தப் பாலமும் நேராகப் போகாது. நடுவில் முழங்கை மாதிரி மடங்கித் திரும்பும். ஏனென்றால் வழியில் நீராவி எஞ்சின் காலத்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று நிற்கிறது. அதில் தண்ணீர் இல்லை, புறாக்கள் இருக்கின்றன. அதை இடிக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டிய அலுவலகம் எது என்று எந்த அலுவலகத்துக்கும் தெரியவில்லை. பழைய கூரை போய்த் தகரக் கூரை வந்தபோது, பழைய இரும்புத் தூண்களில் மூன்றை மட்டும் மேடையின் கடைக்கோடியில் விட்டுவைத்தார்கள். தலையில் இரும்புப் பூ வைத்த தூண்கள். அவற்றில் கடைசித் தூண்தான் இவருடையது.

"போன தடவ செங்கல் சூளைன்னுல்ல சொன்னீங்க" என்று டீக்கடை அக்கா ஒருநாள் மடக்கினார். பாலத்துப் படிக்கட்டு இறங்கும் இடத்தில் நடைமேடையில் டீக்கடை வைத்திருப்பவர். இவரைப் பொறுத்துக்கொள்ளும் பொதுமக்களில் முதலிடம் அவருக்கு.

"சூளையா சொன்னேன்?"

"சூளதான்."

"அப்ப சூளையும் இருந்திருக்கும்மா. எனக்கு மட்டும் யார் வந்து சொன்னா? நானே சேத்துச் சேத்துச் சொல்றேன்" என்று ஒத்துக்கொண்டு டீயைக் குடித்தார். மூக்கறுபட்டால் உடனே ஒத்துக்கொண்டுவிடுவது அவரிடம் உள்ள நல்ல குணம். ஒத்துக்கொண்ட பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருப்பது இன்னொரு குணம்.

அப்படிப்பட்டவர் வீட்டில், சென்ற மழைக்காலத்தில், டீச்சருக்கு மார்பில் ஒரு கட்டி என்று தெரிந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். நல்லபடியாக முடிந்தது, இனிமேல் சில வாரங்கள் தினமும் நகரத்து ஆஸ்பத்திரிக்கு வந்து ரேடியேஷன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போய், "எனக்குக் கேன்சர், கொஞ்ச நாள் வர முடியாது, பிள்ளைங்களைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். பக்கத்து வீட்டில் சொன்னார். தொலைவில் இருக்கும் மகளிடம் சொல்லி, அவள் அழுது முடிக்கும்வரை போனைக் காதில் வைத்திருந்தார்.

இவர் யாரிடமும் சொல்லவில்லை. முதலாளியிடம், "வீட்ல சின்ன வேலை இருக்கு, கொஞ்ச நாள் மதியத்துக்கு மேல வர்றேன்" என்றார். டீக்கடை அக்காவிடம், "ஒரு செக்கப்" என்றார். காலை வண்டி மைனஸ் நாலிடம், "கொஞ்ச நாள் அடுத்த வண்டி" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தையைச் சொல்லத்தான் வாய் திறப்பார். உடனே குவாரிக்குப் போய்விடுவார்.

வாடகைக் காரில் போகலாம் என்று பார்த்தார்கள். சாலை முழுக்கப் பள்ளம். ஒருநாள் போய் வந்ததிலேயே டீச்சருக்குக் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வந்துவிட்டது. "வேணாங்க. ரயில்லயே போயிடலாம். உக்கார இடம் கிடைச்சாப் போதும். நின்னுட்டுப் போக என்னால முடியாது" என்றார் டீச்சர்.

இவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. டீச்சருக்கு உட்கார ஓர் இடம். இருபது வருஷமாகத் தான் சேர்த்து வைத்திருக்கும் அத்தனை வெட்டி ஞானமும் இதோ ஒருத்திக்காவது உதவப்போகிறது. "இடம்தானே, அதை என்கிட்ட விடு" என்றார். ஆபரேஷன் நாளிலிருந்து வீட்டுக்குள் அவர் உருப்படியாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமையே ஒத்திகைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குத் தண்டவாள வேலை. நகரத்துப் பக்கம் வண்டி கிடையாது, மேடை காலியாகக் கிடந்தது. டீச்சர் ஆஸ்பத்திரிக் குளிருக்கென்று வாங்கிய சாம்பல் நிறச் சால்வையைப் போர்த்திக்கொண்டு மெதுவாக நடந்தார். சரிவு வரும் இடத்தில் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு, சரிவு வந்த கதையைச் சொன்னார்.

"அந்த அதிகாரி மாறாம இருந்திருந்தா இங்க சமமா இருந்திருக்கும்" என்றார்.

"அவரு மாறினதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்? இன்னும் எவ்வளவு தூரம் நடக்கணும்?"

"அந்தா, மூணாந்தூண்."

"டீக்கடைக்கிட்டயே நின்னா வண்டி வராதா?"

"வரும். ஆனா கூட்டம் அங்கதான் ஏறும். பாலத்துலேருந்து இறங்கின உடனே ஏற வசதி. அறிவிருக்கிறவன் யாரும் அங்க நிக்க மாட்டான்."

டீச்சர் திரும்பிப் பார்த்தார். டீக்கடைப் பக்கம் பெஞ்சும் நிழலும் இருந்தன. மூன்றாம் தூணில் இரும்புப் பூ இருந்தது. "சரி" என்றார். சண்டை போடத் தெம்பில்லாத 'சரி' என்பது இவருக்குத் தெரியும். ஆனாலும் சரி சரிதான் என்று எடுத்துக்கொண்டார். கறையைக் காட்டி, செருப்பால் எப்படித் தேய்க்க வேண்டும் என்று செய்து காட்டினார்.

"நானும் தேய்க்கணுமா?"

"தேய்ச்சா நல்லது."

"நான் நிக்கிறேன், நீங்க தேய்ங்க."

திங்கட்கிழமை, ஆபீஸ் கூட்டம் வடிந்து கடைத்தெருவுக்குப் போகிற கூட்டம் தொடங்கும் நேரம், இருவரும் தூணருகே நின்றார்கள். இவர் தோளில் சாப்பாட்டுப் பை, கையில் ஆஸ்பத்திரிப் பை. வளைந்த மேடையின் அந்தக் கோடியில் டீக்கடை அக்கா கையைத் தூக்கி ஆட்டினார். இவரும் பதிலுக்குக் கையை ஆட்டினார். அக்கா இன்னும் வேகமாக ஆட்டினார், இரண்டு கையாலும் ஆட்டினார். "பாத்தியா, உன்னை வழியனுப்புறாங்க" என்று டீச்சரிடம் பெருமையாகச் சொன்னார். டீச்சரும் கையை உயர்த்தி வணக்கம் சொன்னார்.

வண்டி வந்தது. வேகம் குறைந்து, குறைந்து, டீக்கடையைத் தாண்டி, சிக்னல் கம்பத்தருகே போய் நின்றது. கடைசிப் பெட்டி, சரிவுக்கு அந்தப் பக்கமே முடிந்துவிட்டது. மூன்றாம் தூணுக்கு எதிரே வெறும் தண்டவாளம். அதில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

விஷயம் இதுதான். காலை வண்டிக்குப் பெட்டிகள் அதிகம், வால் இந்தக் கோடிவரை நீளும். கூட்டம் குறைகிற நேரத்து வண்டி குட்டி வண்டி. பாலத்துக்குப் பக்கத்திலேயே தொடங்கிப் பாலத்துக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடும். ஸ்டேஷனுக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். இவருக்குத் தெரியாது. இருபது வருஷத்தில் இவர் வேறு வண்டியில் ஏறியதே இல்லை. திரும்பி வரும் வண்டி எதிர் மேடையில் நிற்கும். இறங்கியதும் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். கல் குவாரி தெரியும், தொட்டிப் புறா தெரியும், பத்தரைக்கு மேல் வரும் வண்டியின் நீளம் தெரியாது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஓடலாமா" என்றார். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்பது உறைத்தது. டீச்சர் ஓடவில்லை. ஒரு கையைத் தூணில் ஊன்றிக்கொண்டு நின்றார். வண்டி கிளம்பிப் போயிற்று. டீக்கடை அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். அது இங்கிருந்தே நன்றாகத் தெரிந்தது, கண்ணாடி அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அடுத்த வண்டியில் பிதுங்கிக்கொண்டு கூட்டம். டீக்கடை எதிரிலேயே ஏறினார்கள். உள்ளே போனால் இவருக்குத் தெரிந்த பவர் ஒன்றுகூட இல்லை. நின்றுகொண்டிருந்தவர்களுக்கு நடுவே டீச்சர் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையை உயர்த்த முடியாமல் மற்றக் கையால் பிடித்திருந்தார். வண்டி ஆடும்போதெல்லாம் அவர் கண் இறுகி மூடியது. கேட்டால் கொடுப்பார்கள், இவருக்குத் தெரியாதா என்ன. ஆனால் கேட்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். இவர் உட்கார்ந்திருந்த ஒருவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். கடைசியில் வாயிலிருந்து வந்தது, "இந்தப் பெட்டியெல்லாம் புதுசா போட்டது" என்பதுதான்.

டீச்சர் கண்ணைத் திறந்தார். எதிரே உட்கார்ந்திருந்த இளைஞனைப் பார்த்து, "தம்பி, எனக்கு உடம்பு முடியல. நான் உக்காரணும்" என்றார். வகுப்பில் சொல்கிற அதே குரல். அவன் எழுந்தான், பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். அவ்வளவுதான். இருபது வருஷ ஆராய்ச்சி, நான்காவது பெட்டி, மேம்பாலப் படிக்கட்டு, ஒன்றுக்கும் வேலையில்லாமல் போயிற்று. இவர் டீச்சருக்கு முன்னால் ஆஸ்பத்திரிப் பையை அணைத்துக்கொண்டு அசடு வழிய நின்றார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அன்று சாயங்காலம் டீச்சரை வீட்டில் படுக்க வைத்துவிட்டு டீக்கடைக்கு வந்தார். அன்று கண்ணாடிக் கடைக்குப் போகவில்லை.

"ஏன் சார், அந்தக் கத்து கத்துறேன், கையாட்டுறேன், நீங்க பாட்டுக்கு டாட்டா காட்டுறீங்க" என்றார் அக்கா.

"நான்தான் பெரிய மேதாவியாச்சே. எனக்கு யாரு வந்து சொல்றது?" என்றார் இவர். "ஒரே ஒரு வண்டிய வச்சுக்கிட்டு ரயில்வேயே எனக்குத் தெரியும்னு நினைச்சுக்கிட்டிருந்தேம்மா. மூணாந்தூண்னு பேரு வச்சது தப்பே இல்ல. தூணுக்காவது ஒரு பிரயோஜனம் இருக்கு, பிடிச்சுக்கிட்டு நிக்கலாம்."

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே, "டீச்சருக்கு என்ன உடம்புக்கு? செக்கப்புன்னீங்க. பாத்தா அப்படித் தெரியலையே" என்றார்.

இவர் டீ கிளாஸைப் பார்த்தார். "இந்த பெஞ்சு போட்ட இடத்துலதான் முன்னாடி கல் எடை போடுற மேடை இருந்துச்சு" என்றார். அக்கா இரண்டாவது டீயைக் கேட்காமலே ஊற்றிக் கொடுத்தார். அந்த டீயைக் குடிக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

ராத்திரி படுத்த பிறகு டீச்சர் சுவரைப் பார்த்தபடி கேட்டார். "உங்களுக்கு என்னைப் பத்தி வெளியில சொல்ல வெக்கமா இருக்கா?"

"சீச்சீ. வெக்கமா?"

"பின்ன?"

இவருக்குப் பதில் தெரியும். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயம். ஆபரேஷன் முடிந்து தையல்கூடப் பிரித்தாயிற்று, இனிமேல்தான் அது உண்மையாக வேண்டுமா என்று தன்னைத்தானே கேட்டுப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "பயமா இருக்கு டீச்சர்" என்றார்.

"எனக்கும்தான் இருக்கு. நான் பயந்துக்கிட்டே இடம் கேட்டு வாங்கிக்கல?" என்றார் டீச்சர். பிறகு, "நாளைக்காவது நான் வாயைத் திறக்காம உக்காரணும். கேக்குறதுக்குக்கூடத் தெம்பு இல்லங்க" என்று சொல்லிவிட்டுச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

மறுநாள் பாலம் இறங்கியதும் இவர் நின்றார். கால் தன்னால் கடைக்கோடிப் பக்கம் திரும்பிற்று; அதைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"எங்க நிக்கலாம்?" என்று டீச்சரைக் கேட்டார். எங்கே நிற்பது என்று அந்த ஸ்டேஷனில் அவர் இன்னொருவரிடம் கேட்டது அதுவே முதல் தடவை.

டீச்சர் பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தார்கள். அக்கா வந்து டீச்சரின் முழங்காலில் கை வைத்துவிட்டுப் போனார். வண்டி வந்தது. கதவு எங்கோ தள்ளிப் போய் நின்றது, இவர்கள் நடந்து போக வேண்டியிருந்தது, ஆனாலும் வண்டி காத்திருந்தது. இவர் முதலில் ஏறினார்.

உள்ளே ஓர் இடம்கூடக் காலியில்லை. எல்லா முகமும் தன்னையே பார்ப்பதாக இவருக்குப் பட்டது. பார்த்தது ஒன்றிரண்டு பேர்தான். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் டீச்சர் மூச்சு வாங்குவது கேட்டது. வண்டி அசைந்து புறப்பட்டது. இவர் கண்ணாடியைக் கழற்றினார்.

முகங்கள் எல்லாம் போய்விட்டன. கலங்கலாக நிறங்கள் மட்டும் ஆடின. ப்ளஸ் இல்லை, மைனஸ் இல்லை. அந்தக் கலங்கலைப் பார்த்து வாயைத் திறந்தார். இத்தனை வருஷம் ஸ்டேஷன் ஒலிபெருக்கியைக் கேட்டுக் கேட்டு ஊறிய நாக்கு, இவரைக் கேட்காமலே, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றது.

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். தவறு இவருக்கே கேட்டது. ஆனால் ஆரம்பித்தாயிற்று.

"என் மனைவிக்குக் கேன்சர்" என்றார். குரல் பெட்டியின் அந்தக் கோடிவரை போயிற்று. "ஆபரேஷன் ஆயிருக்கு. தினமும் இந்த வண்டியிலதான் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அவங்களால நிக்க முடியாது. யாராவது அவங்களுக்குக் கொஞ்சம் இடம் குடுங்க. நாளைக்கும் வேணும். நாளன்னிக்கும் வேணும்."

சிரிப்பு நின்றது. கலங்கலான நிறங்கள் சில எழுந்தன. எத்தனை என்று இவருக்குத் தெரியவில்லை. ஒரு கை வந்து இவர் முழங்கையைப் பற்றியது. "பாத்து வாங்க ஐயா, பாத்து, இங்க உக்காருங்க" என்று ஒரு பெண் குரல். இவருக்குக் கண் தெரியாது என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. தடுக்கப் பார்ப்பதற்குள் உட்கார வைத்தும்விட்டாள்.

"எனக்கில்லம்மா, அவங்களுக்கு" என்று பதறி எழுந்தார். எழுந்த வேகத்தில் தலை மேல்கம்பியில் இடித்துக்கொண்டது. இப்போது பெட்டி முழுக்கச் சிரித்தது. அதில் டீச்சரின் சிரிப்பும் இருந்தது. மழைக்காலத்துக்குப் பிறகு இவர் அதை அன்றுதான் கேட்டார். கண்ணாடி இல்லாவிட்டாலும் அது யார் சிரிப்பு என்று தெரிந்தது.

டீச்சர் உட்கார்ந்தார். இவர் முன்னால் நின்றார். கண்ணாடி இன்னும் கையிலேயே இருந்தது. டீச்சர் அதிலிருந்து கண்ணாடியை வாங்கி, சால்வை நுனியால் ஒரு பக்கம் துடைத்தார், மறுபக்கம் துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குனியச் சொல்லிச் சட்டையைப் பிடித்து இழுத்தார். இவர் குனிந்தார். கம்பி முறுக்கிய பக்கத்தை முதலில், குத்திவிடாமல், காதில் மெல்ல மாட்டி, பிறகு மறுபக்கத்தை மாட்டிவிட்டு, அவர் தோளிலிருந்த சாப்பாட்டுப் பையைக் கழற்றி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.